போத்தலா, மாத்திரையா, டயருக்குக் காற்றா: பழைய மைவிக்கு எதில் காசு போடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டை வைத்துக்கொண்டு ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் இரண்டு பேர் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால், எண்ணெய்ப் பேச்சு, அதாவது பெட்ரோல் பேச்சு, வராமல் எழுந்திருக்க மாட்டார்கள். என்னுடைய காடி (கார்) 2009 பெரோடுவா மைவி, 1.3 ஆட்டோ, மீட்டரில் 190,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் சுலபமாகக் கொடுத்துக்கொண்டிருந்த காடி போன வருடம் 11 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. அதைக் கடையில் சொன்ன அன்றைக்கே நாலு வைத்தியம் கிடைத்தது. காடி பழுது பார்க்கும் போர்மேன் டேங்கில் ஊற்றும் மருந்துப் போத்தலைக் காட்டினார், தோட்டத்து மண்டபத்தில் பெட்ரோலில் கரைக்கும் மாத்திரை விற்கிறார்கள் என்று ஒரு தம்பி கூட்டிப் போனான், மச்சான் விலை கூடின பெட்ரோலான ரோன்97 அடித்துப் பார் என்றான், பக்கத்து வீட்டு மாமா தன் பழைய இஸ்வாராவுக்குத் துணி அலமாரியில் போடும் பாச்சா உருண்டை போடுவதாக ரகசியம் மாதிரிச் சொன்னார்.

எதை நம்புவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தேன். 2025 அக்டோபரில் தொடங்கி ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இதை யாரும் செய்வதில்லை, போத்தல் விற்கிறவரும் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் பூடி95 என்ற அரசாங்க உதவித்தொகைத் திட்டம் வந்த பிறகு, மைகார்டை, அதாவது அடையாள அட்டையைக் காட்டி நான் போட்ட ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்). ஒரு போத்தல் 28 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 வெள்ளிக்கு 14 லிட்டர் எண்ணெய் வரும். நான் ஒரு தடவைக்குச் சுமார் 35 லிட்டர் நிரப்புகிறேன். டேங்குக்கு ஒரு போத்தல் ஊற்றினால், அது 14 லிட்டரை மிச்சப்படுத்தினால்தான் போட்ட காசாவது திரும்பும், அதாவது நூற்றுக்கு நாற்பது! அப்படி ஒரு மருந்து இருந்தால் காடி செய்யும் கம்பெனிகளே அதை ஃபேக்டரியில் ஊற்றி அனுப்பியிருப்பார்கள். எண்ணெய் விலை அதிகமான நாடுகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி வரும். நமக்கு உதவித்தொகை எண்ணெய் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்வரை, ஒவ்வொரு டேங்குக்கும் போத்தல் வாங்குவது எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். ஆகவே எந்த மருந்தாக இருந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, இதன் விலைக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கலாம் என்பதுதான். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சரக்கு விழுந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. 40 லிட்டர் டேங்கில் 300 மில்லி மருந்து ஊற்றினால் அது முக்கால் சதவீதம். அதற்குள் எவ்வளவு பெரிய சக்தியை அடைத்தாலும் டேங்கின் மொத்தச் சக்தி பெரிதாகக் கூடிவிடாது. ஆகவே மருந்தால் மைலேஜ் கூட வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழி, என்ஜினில் ஏதோ கெட்டுப்போய் எண்ணெய் வீணாகிக்கொண்டிருக்க வேண்டும், அந்தக் கேட்டை மருந்து சரிசெய்ய வேண்டும். கேடு எதுவும் இல்லாத என்ஜினுக்கு மருந்தும் தேவையில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ, எண்ணெய் மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது ஒன்றும் அகப்படவில்லை. எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், இன்னமும் விற்கிறது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

அளந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். எப்போதும் ஒரே எண்ணெய் நிலையம், ஒரே பம்பு, காடி நிற்பதும் ஒரே பக்கம் பார்த்து. நாசில் முதல் தடவை டக்கென்று நின்றதும் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் ஒரு சொட்டு அழுத்துவதில்லை. மீட்டர் எண்ணையும் லிட்டரையும் மகளின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். இவ்வளவு கவனமாக இருந்தும், ஒரு நாள் நாசில் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும், இன்னொரு நாள் கொஞ்சம் பின்னால். 35 லிட்டரில் ஒரு லிட்டர் இப்படி அப்படி ஆனால் கிட்டத்தட்ட 3 சதவீதம் போய்விடும். ஒரே ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டு "அரை கிலோமீட்டர் கூடிப்போச்சு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, பம்பு நின்ற இடத்தை அளந்திருக்கிறார், அவ்வளவுதான். மூன்று டேங்காவது சராசரி எடுக்காமல் எதையும் நம்பாதீர்கள். தீபாவளி வாரம் ஓடிய டேங்கை நான் சேர்க்கவில்லை, தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் நெரிசலில் ஊர்ந்த டேங்கையும் எடுத்துவிட்டேன். மீதி எல்லாம் பழைய சாலையில், கந்தான் சுண்ணாம்பு மலை, செம்மோர் வழியாக, காலையும் மாலையும் லோரிகளுக்குப் பின்னால் ஓடிய 60 கிலோமீட்டர்தான்.

மருந்து எதுவும் போடாமல் முதல் மூன்று டேங்க்: 11.3, 11.6, 11.2. சராசரி 11.4 என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

அடுத்து, காசு செலவாகாத வேலை. எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசம். நாலு டயரிலும் அளந்து பார்த்தால் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவைவிட காற்றழுத்தம் ஏழு பிஎஸ்ஐ குறைவு. பார்வைக்கு டயர் நன்றாகத்தான் இருந்தது, உப்பலாக, ஒன்றும் குறையாத மாதிரி. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு, நாலு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும் என்பது. ஏழுக்கு ஒன்றரை சதவீதம் கிட்ட வருகிறது. காற்று அடித்த பிறகு இரண்டு டேங்க், 11.6. கணக்குக்குச் சரியாக இருந்தது. பெரிய லாபம் இல்லைதான், ஆனால் டயர் ஓரம் தேய்வதும் நின்றது, போட்ட காசு சுழியம்.

சரி, இப்போது போத்தல்.

டேங்கில் ஊற்றும் போத்தல்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. லேபிளைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும். பாலிஈதர்அமீன், அல்லது சுருக்கமாகப் பிஇஏ என்று போட்டிருந்தால் அது உண்மையான கழுவு மருந்து. என்ன இருக்கிறது என்றே எழுதாமல் முன்பக்கம் பந்தயக் காடி படம் மட்டும் போட்டிருந்தால், உள்ளே பெரும்பாலும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான்தான் இருக்கும். பிஇஏ எப்படி வேலை செய்கிறது என்றால், மைவி மாதிரிக் காடியில் இன்ஜெக்டர் பெட்ரோலை இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கிறது. என்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் பெட்ரோலின் பிசினும் அந்தச் சூட்டில் வெந்து வால்வின் மேல் கரியாக ஒட்டிக்கொள்ளும், தோசைக் கல்லின் ஓரத்தில் வருடக்கணக்கில் ஏறும் கருப்பு மாதிரி. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்தக் கரி ஸ்பாஞ்சு போலப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும், காடி நடுங்கும், கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை விடும். இன்ஜெக்டரின் நுண்ணிய துளையில் பிசின் ஒட்டினால் பனித்துளி மாதிரி வர வேண்டிய பெட்ரோல் ஒழுகல் மாதிரி வரும். பிஇஏ இந்தக் கரியைப் பிடித்து மெதுவாகப் பெயர்த்து எரியவைத்து வெளியே அனுப்பிவிடும், அந்தச் சூட்டையும் அது தாங்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் என்ஜின்கள், உதாரணத்துக்குப் புரோட்டோன் எக்ஸ்70, இந்தக் கணக்கில் சேராது. அங்கே பெட்ரோல் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை, ஆகவே டேங்கில் ஊற்றியது இன்ஜெக்டரை வேண்டுமானால் கழுவும், வால்வைக் கழுவாது.

நான் வாங்கியது 32 வெள்ளி. அரை டேங்குக்குக் கீழே இறங்கிய பிறகு ஊற்றி, மேலே நிரப்பி ஓட்டினேன். அந்த டேங்கிலேயே காலை நடுக்கம் குறைந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை, டேஷ்போர்டு மேல் வைக்கும் சின்னப் பிள்ளையார் சிலை காலையில் கிடுகிடுவென்று ஆடும், அது நின்றுவிட்டது, மனைவிதான் முதலில் பார்த்துச் சொன்னாள். அடுத்த மூன்று டேங்க் சராசரி 11.9. முன்பு 11.6. மாதம் 1500 கிலோமீட்டர் ஓடும் எனக்கு இது மாதம் 3 லிட்டர் சொச்சம், காசாகப் பார்த்தால் ஆறரை வெள்ளி. 32 வெள்ளி திரும்பி வர ஐந்து மாதம். அதுவும் இந்த 0.3 பம்பு தவறுக்குள் அடங்கிவிடக்கூடிய அளவு, ஆகவே எண்ணெய் மிச்சத்துக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். என்ஜின் நடுக்கம் நின்றதற்காக, பழைய காடிக்கு, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை வாங்கச் சொல்வேன். வாங்குவதாக இருந்தால் என்ஜின் ஆயில் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊற்றுங்கள், ஏனென்றால் எரியாத மருந்து கொஞ்சம் கீழே ஆயிலில் இறங்கும், ஆயில் மாற்றும்போது அதுவும் போய்விடும். இரண்டு போத்தல் சேர்த்து ஊற்றினால் இரட்டிப்புப் பலன் என்று நினைத்து ஊற்றாதீர்கள்.

இதில் இன்னொரு விஷயம், நாம் போடும் எண்ணெயிலேயே கழுவு மருந்து இருக்கிறது. பெட்ரோனாஸ், ஷெல், பெட்ரோன், கால்டெக்ஸ், பிஎச்பெட்ரோல் எல்லாரும் அவரவர் மருந்தைக் கலந்துதான் விற்கிறார்கள். கால்டெக்ஸ் விளம்பரத்தில் வரும் டெக்ரோன் பிஇஏ வகையைச் சேர்ந்தது. 2020 ஜனவரியிலிருந்து ரோன்95 யூரோ 4எம் தரத்துக்கு வந்து கந்தகமும் குறைந்துவிட்டது. புதுக் காடி வைத்திருப்பவர், ஆக்சியாவோ பெஸ்ஸாவோ, முதல் நாளிலிருந்து இந்த எண்ணெயே போட்டு வருகிறவர், தனியாகப் போத்தல் வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்த 32 வெள்ளிக்கு 16 லிட்டர் எண்ணெய் அடித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை வேறு கதை. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதில்தான் அதிகம் காசு போடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்டத்து மண்டபத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். விற்க வந்தவர் இரண்டு மில்க் டின் மூடியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஒன்றில் மாத்திரையைக் கரைத்து, வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துக் கொளுத்தினார். மாத்திரை போடாத மூடியில் கரும்புகை சுருள் சுருளாக எழுந்தது. போட்ட மூடியில் புகை நன்றாகவே குறைந்தது. எல்லாரும் ஆச்சரியப்பட்டோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். திறந்த மூடியில் பெட்ரோலுக்குக் காற்று சரியாகக் கலக்காததால் புகைகிறது. என்ஜினுக்குள் அப்படியில்லை, ஆக்சிஜன் சென்சார் பார்த்துப் பார்த்துக் காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலக்கிறது, கொஞ்சம் மிஞ்சுவதையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எரித்துவிடுகிறது. மைவியின் பின்னால் கரும்புகையே வருவதில்லை. இல்லாத புகையைக் குறைத்து எந்த எண்ணெயை மிச்சப்படுத்துவது?

ஆனால் கணக்குப்படி மாத்திரையை உடனே தள்ளவும் முடியவில்லை. பத்து மாத்திரை 45 வெள்ளி, டேங்குக்கு ஒன்று, அதாவது நாலரை வெள்ளி. இரண்டேகால் லிட்டர் மிச்சமானால் போதும், ஆறரை சதவீதம். விற்க வந்தவர் சொன்னது இருபது சதவீதம்! உண்மையாக இருந்தால் நிச்சயம் லாபம். ஆகவே ஒரு பெட்டி வாங்கினேன். வாங்கிக்கொடுத்த தம்பி, தனக்கு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியதாகச் சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் காசு கொடுத்து மருந்து போட்ட பிறகு எல்லாரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவோம், மிதியை மெதுவாக அழுத்துவோம், முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுப்போம். மைலேஜ் கூடத்தான் செய்யும், மாத்திரையால் இல்லை, காலால்.

அதனால் மாத்திரையை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஆறு டேங்க். எண்ணெய் நிலையத்தில் நான் பணம் கட்டப் போகும்போது அவள் மாத்திரையைப் போடுவாள் அல்லது போடாமல் மூடியை மட்டும் திறந்து மூடுவாள், எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் மாத்திரை இருந்ததா இல்லையா என்று நான் ஊகித்து எழுதுவேன். இந்த ஆறு டேங்கும் பின்னால் நான் சொல்லப்போகும் பிரேக் வேலைக்குப் பிறகு ஓடியவை, அதனால் எண்கள் பெரிதாக இருக்கும். கடைசியில் காகிதங்களைப் பிரித்தோம். மாத்திரை போட்ட மூன்று: 12.7, 13.1, 12.8. போடாத மூன்று: 13.0, 12.6, 13.0. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே 38.6. என் ஊகம் ஆறில் நாலு தவறு. இருபது சதவீதம் என்றால் 15-க்கு மேல் வந்திருக்க வேண்டும், அதைக் காண நோட்டே தேவைப்பட்டிருக்காது.

இதோடு நின்றிருந்தால் 45 வெள்ளி நஷ்டம் என்று விட்டிருப்பேன். அந்தத் தம்பியின் புரோட்டோன் சாகா காடி பல மாதம் மாத்திரை சாப்பிட்டு, சாலையில் திக்கித் திக்கிப் போக ஆரம்பித்தது. போர்மேன் பொறி உண்டாக்கும் நாலு பிளக்கையும் கழற்றி ஒரு பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பீங்கான் மூக்கு நாலிலும் செங்கல் நிறம், விரலால் தொட்டால் குங்குமம் மாதிரி ஒட்டியது. ஃபெரோசீன் என்று ஓர் இரும்புச் சேர்மம் இருக்கிறது. ஆக்டேன் கூட்டவும் புகை குறைக்கவும் போடுவார்கள், எரிந்த பிறகு இப்படித்தான் இரும்புத் துருவாகப் படியும். துரு மின்சாரத்தைக் கடத்தும், பொறி இடுக்கில் பாயாமல் பீங்கான் மேலேயே வழுக்கிப் போய்விடும். மாத்திரைப் பெட்டியில் உள்ளடக்கம் எழுதவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத மறுக்கும் எதையும் டேங்கில் போடாதீர்கள், அது நாலு வெள்ளியாக இருந்தாலும் சரி.

ஆக்டேன் பூஸ்டர் போத்தலையும் ரோன்97-ஐயும் ஒன்றாகவே பேசிவிடலாம். ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன், சக்தியின் அளவு இல்லை. ரோன்95-க்கே நிம்மதியாக ஓடும் என்ஜினுக்கு அதற்கு மேல் கொடுத்தால் அது ஒன்றும் செய்வதில்லை. ரோன்97 விலை வாரத்துக்கு வாரம் மாறும், நான் அடித்தபோது 3 வெள்ளிக்கு மேல். 1.99-க்கும் 3-க்கும் ஈடாக வேண்டும் என்றால் காடி ஒன்றரை மடங்கு தூரம் ஓட வேண்டும். மச்சான் மனம் கோணக் கூடாது என்று பிரேக் வேலைக்குப் பிறகு இரண்டு டேங்க் அடித்தேன், 13.0, 12.8, அந்தச் சமயம் ரோன்95-இல் வந்த அதே அளவுதான். பூஸ்டர் போத்தலில் "30 பாயிண்ட்" என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம், அவர்கள் கணக்கில் பத்து பாயிண்ட்தான் ஒரு ரோன்.

வீட்டு வைத்தியம் இரண்டு. அசிட்டோன் கலந்தால் பெட்ரோல் நன்றாக ஆவியாகும் என்று பல வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. அசிட்டோனில் லிட்டருக்கு இருக்கும் சக்தி பெட்ரோலைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவு, முதல் அடியே அங்கே. போர்மேனிடம் இன்ஜெக்டரில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, இரண்டு ஜாம் போத்தலில், ஒன்றைப் பெட்ரோலிலும் இன்னொன்றை அசிட்டோனிலும் போட்டு மூடி, கொல்லைப்புறத்தில் நிழலில் இரண்டு நாள் வைத்தேன். பெட்ரோலில் இருந்தது விரலுக்கு அப்படியே பழைய இறுக்கத்தோடு இருந்தது. அசிட்டோனில் இருந்தது உப்பிப் பெருத்து, நகத்தால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு சொட்டுக் கூட டேங்கில் ஊற்ற எனக்குத் துணிவில்லை. சுடும் என்ஜினுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாச்சா உருண்டை மாமா காலத்து வைத்தியம். அந்தக் காலத்து உருண்டை நாஃப்தலீன், அதற்கு ஆக்டேன் கொஞ்சம் உண்டு, ஈயம் கலந்த பெட்ரோலும் கார்புரேட்டரும் இருந்த நாளில் யாரோ கண்டுபிடித்தது. இப்போது கடையில் கிடைப்பதில் பல பாராடைகுளோரோபென்சீன். அதில் குளோரின் இருக்கிறது, எரிந்தால் அமிலம் உண்டாகும், வால்வையும் எக்சாஸ்டையும் அரிக்கும். நாஃப்தலீனாகவே இருந்தாலும் சரியாகக் கரையாமல் படிந்து ஃபில்டரை அடைக்கலாம். மாமாவிடம் பெட்டியைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். "முப்பது வருஷமா போடுறேன் தம்பி" என்றார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு உருண்டைப் பையைத் துணி அலமாரிக்கே எடுத்துப் போய்விட்டார்.

இனி பிரேக். எனக்கு உண்மையில் எண்ணெய் குடித்தது அதுதான்.

கழுவு மருந்து டேங்குகள் முடிந்த சமயம், ஒரு மாலை ஈப்போவிலிருந்து வந்து எண்ணெய் நிலையத்தில் நின்றேன். காற்று அடிக்கக் குனிந்தபோது முன் இடது சக்கரத்திலிருந்து முகத்தில் சூடு அடித்தது. வலது ரிம்மில் கை வைத்தேன், வெதுவெதுப்பு. இடது ரிம்மில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன், கருகின வாசனை வேறு. மறுநாள் போர்மேன் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது பக்கம் இரண்டு சுற்று சுற்றி நின்றது, இடது பக்கம் அரைச் சுற்றுக்கே நின்றுவிட்டது. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைட் பின் காய்ந்து துருப்பிடித்து நகராமல் இருந்திருக்கிறது, பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. 60 கிலோமீட்டரும் ஒரு கால் பிரேக்கில் வைத்து ஓட்டினது மாதிரி! பின்னைத் துடைத்து கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் பேட் மாற்றி 110 வெள்ளி. அடுத்த டேங்கிலிருந்து 12.9 கிட்டவே நிற்கிறது. மாதம் கிட்டத்தட்ட 10 லிட்டர், 19 வெள்ளி சொச்சம், 110 வெள்ளி ஆறு மாதத்தில் திரும்பிவிடும். அது திரும்பாமல் போயிருந்தாலும் இந்த வேலையைச் செய்திருக்கத்தான் வேண்டும், மழையில் ஒரு பக்கம் இழுக்கும் பிரேக்கோடு லோரிக்குப் பின்னால் குடும்பத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இப்போதும் மனதை உறுத்துகிறது.

உங்களுக்குப் பிரேக்காக இல்லாமல் வேறாக இருக்கலாம். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் அதைப் பாருங்கள், ஆக்சிஜன் சென்சார் கெட்டால் கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டின மாதிரி பெட்ரோலை விடும், எந்தப் போத்தலும் அதைத் திருத்தாது. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டால் என்ஜின் சூடேறாமல் கூடுதலாகக் குடிக்கும், வெப்பமானி முள் எப்போதும் கீழேயே நிற்பதுதான் அடையாளம். ஏர் ஃபில்டர் அடைத்தால் இன்ஜெக்ஷன் காடியில் மைலேஜ் பெரிதாகக் குறையாது, இழுவைதான் குறையும், ஆனால் மாமாவின் இஸ்வாரா மாதிரி கார்புரேட்டர் காடிக்கு ஃபில்டர் முக்கியம்.

ஆகவே என் பழைய மைவிக்கு நான் எடுத்த முடிவு இது. மாதத்தில் முதல் ஞாயிறு டயருக்குக் காற்று, அப்போதே நாலு ரிம்மிலும் கை வைத்துப் பார்ப்பது. பிஇஏ போத்தல் 200,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றும் முன் ஒன்று, அதற்குப் பிறகு பத்தாயிரத்துக்கு ஒன்று. ரோன்97, பூஸ்டர், மாத்திரை எதுவும் இல்லை. உதவித்தொகை அளவைத் தாண்டி முழு விலை கொடுத்து அடிக்கிறவர்களுக்கும் இந்த வரிசை மாறாது, பூடி95 தொடங்கியபோது அந்த விலை 2.60, அதன்படி அவர்களுக்கு 32 வெள்ளிப் போத்தல் 12 லிட்டருக்குச் சமம், எனக்கு 16, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டியில் மீதி ஏழு மாத்திரை இருக்கிறது. காசு கொடுத்தது வீணாகிறதே, போட்டு முடித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் சாகாவுக்குப் புது பிளக் போட்டாயிற்று, இந்த வாரம் மூன்று டேங்க் கணக்கைத் தொடங்கியிருக்கிறான், நோட்டு என்னுடையதுதான், அடுத்த பக்கம்.